பிசாசு கேட்ட விலை

அமெரிக்காவின் கென்டக்கி மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், பலகையால் கட்டிய சிறிய ஜெபவீடு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் டெல்பின் என்ற பெண். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவரைவிட மூத்தவர்கள் அவரிடம் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஜெத்ரோ. ஓடைக்கரையில் மாவு ஆலை வைத்திருந்தார். முந்தின குளிர்காலத்தில் காய்ச்சலில் அவருடைய மனைவி லவீனியா இறந்துபோனாள்.

லவீனியாவுக்குப் பாட வராது. ஆனால் ஜெபவீட்டில் அவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிவார்கள். ஜெத்ரோவும் பல நாள் கூச்சப்பட்டு நெளிந்ததுண்டு. இப்போது எல்லோரும் சுருதி பிசகாமல் பாடினார்கள். அதை அவரால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே போய் நிற்பார்.

அந்த மலைப்பக்கத்தில் பிசாசோடு பேரம் பேசியவர்களைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. ஊருக்கு அப்பால் இருக்கும் நாற்சந்தியில் போய்க் காத்திருந்தால் அவன் வருவானாம். ஒருவன் அவனிடம் பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டான். ஒருவன் பாறை நிலத்தில் பொன்னாக விளைச்சல் எடுத்தான். ஒருத்தி பிசாசையே ஏமாற்றி மரத்தில் ஏற்றிவிட்டு, இறங்கவிடாமல், விலையாகக் கொடுத்த ஆத்துமாவை மீட்டுக்கொண்டாள். எல்லாக் கதைகளும் ஜெத்ரோவுக்குத் தெரியும். தாம் கேட்க நினைத்ததை எந்தக் கதையிலும் யாரும் கேட்டதில்லை என்பதும் தெரியும்.

ஒருநாள் அவர் டெல்பினிடம் போய், தாம் நாற்சந்திக்குப் போகப்போவதாகச் சொன்னார். ஒரே ஒரு மாலை லவீனியா திரும்பி வந்து வீட்டில் இருக்க வேண்டும், அதற்காக ஆத்துமாவைக் கொடுத்துவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார்.

டெல்பின் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "நானும் வருகிறேன்" என்றார்.

"தடுக்க மாட்டீர்களா, சகோதரி?"

"தடுத்தால் தனியாகப் போவீர்கள்."

மறுநாள் விடிந்ததும் இருவரும் புறப்பட்டார்கள். நாற்சந்தியில் விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மேல் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. ஒரு பெண் கூடையில் முட்டை கொண்டு போனாள். ஒரு மாட்டு வண்டி போயிற்று. பிறகு யாருமே வரவில்லை.

உச்சிவெயில் நேரத்தில் ஒருவன் கிழக்கே இருந்து நடந்து வந்தான். சாம்பல் நிறக் கோட்டு. தூசி படிந்த காலணிகள். தொப்பியைக் கழற்றி டெல்பினுக்கு வணக்கம் சொன்னான். ஜெத்ரோ சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவன் உட்காரவில்லை.

வந்த காரியத்தை ஜெத்ரோ விளக்கத் தொடங்கினார். அவன் கையமர்த்தினான்.

"தெரியும். முதலில் கேளுங்கள். பிறகு பேசலாம்."

சாலை வளைவுக்கு அப்பால் ஒரு பெண் பாடுவது கேட்டது. சுருதி எங்கோ போயிற்று. தாளம் எங்கோ போயிற்று. மேலே எட்டாத ஓர் இடத்தில் குரல் உடைந்தது. கூச்சமே இல்லாமல் மறுபடியும் அதே இடத்துக்கு ஏறியது.

ஜெத்ரோ எழுந்துவிட்டார்.

"இன்று மாலை வீட்டில் இருப்பாள்" என்றான் அவன். "சமைப்பாள். பேசுவாள். உங்களைக் குறையும் சொல்வாள். இரவு படுக்கும்வரை அந்த மாலை முழுக்க உங்களுடையது."

"என் ஆத்துமாவை எடுத்துக்கொள்."

"அது எனக்கு வேண்டாம். நிறையவே இருக்கிறது."

"வேறென்ன கேட்கிறாய்?"

"அவள் மேல் உங்களுக்கு இருக்கும் ஏக்கம். அது போதும்."

ஜெத்ரோவுக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். நினைவு எதுவும் போகாது. அவள் பெயர், முகம், பாட்டு எல்லாம் இருக்கும். ஆனால் நாளைக் காலையிலிருந்து வலிக்காது. நன்றாகத் தூங்கலாம். பசித்துச் சாப்பிடலாம். அவளுடைய சால்வையைக் குளிரில் நடுங்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம். பக்கத்து ஊரில் எப்போதோ பழகிய ஒருத்தியை நினைப்பதுபோல அவளை நினைத்துக்கொள்ளலாம்.

"உங்களுக்கு இதில் நஷ்டமே இல்லை" என்றான். "உங்களை வதைக்கிற ஒன்றைத்தான் கேட்கிறேன்."

ஜெத்ரோ டெல்பினைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜெத்ரோவைப் பார்க்கவில்லை. வந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பலர் உனக்கு விற்றிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"கேட்டவர்களில் பெரும்பாலோர்."

"வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்?"

அவன் தொப்பியின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு நின்றான்.

அப்போது வளைவுக்கு அப்பால் பாட்டு நின்றது. "ஜெத்ரோ" என்று அவள் கூப்பிட்டாள். ஆலையிலிருந்து சாப்பிட வரச்சொல்லும்போது கூப்பிடுகிற அதே மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து.

ஜெத்ரோ சாலையில் இறங்கி ஓடினார். வளைவு வரைக்கும் போய்விட்டார். இன்னும் ஓர் அடி வைத்தால் அவளைப் பார்த்திருக்கலாம். அங்கே நின்றார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதை டெல்பின் பார்த்தார். ஆனால் எழுந்து அவரருகே போகவில்லை.

மறுபடியும் கூப்பிடும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கொஞ்சம் சலிப்போடு.

ஜெத்ரோ திரும்பி நடந்து வந்தார். முகம் நனைந்திருந்தது.

"அவளிடம் சொல்லிவிடு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், சாப்பிடட்டும்."

வந்தவன் தலையை அசைத்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வந்த வழியிலேயே போனான். வளைவுக்கு அப்பால் ஒரு காக்கை மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் இருவரும் பாதித் தூரம் நடந்தார்கள். பிறகு ஜெத்ரோவுக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். சரி என்றோ வேண்டாம் என்றோ. இன்று மாலை அவள் வீட்டில் இருந்திருப்பாளே, நான் என்ன செய்துவிட்டேன் என்று புலம்பினார். டெல்பின் மறுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அவர் புலம்பி முடிக்கும்வரை கூடவே நடந்தார்.

ஓடையைக் கடக்கும்போது ஜெத்ரோ நின்றார். குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள், சகோதரி. கதைகளில் எல்லாம் அவன் ஆத்துமாவைத்தானே கேட்கிறான். இந்த வலியை வாங்கிக்கொண்டு போய் அவனுக்கு என்ன ஆகப்போகிறது?"

டெல்பின் அவருக்குக் கைகொடுத்துக் கரையேற்றினார்.

"அவனும் பரலோகத்தில் இருந்த தன் வீட்டை விட்டு வெளியே வந்தவன்தான், ஜெத்ரோ. திரும்பிப் போகவேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவனுக்கு வரவே மாட்டேன் என்கிறது."