மோர் கலந்த டீ

“என்னை அனுப்பிடுங்க மேடம். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.”

பேராசிரியர் ஜெசிந்தா டீயை ஊதிக்கொண்டே நிமிர்ந்தார். எதிரே அவருடைய ஆய்வு மாணவி செண்பகவல்லி. கையில் மோர் டம்ளர். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

“என்ன ஆச்சு?”

“ரெண்டு பட்டாம்பூச்சியோட மாதிரியையும் கலந்துட்டேன்.”

இரண்டும் ஒரே காட்டில் பறப்பவை. உறவு என்று பார்த்தால் எங்கோ தூரம். ஆனால் இரண்டின் இறக்கையிலும் அச்சு அசலாக ஒரே சிவப்புப் பட்டை. அதைத் தீட்டுவது எந்த மரபணு என்பதுதான் அவளுடைய ஆய்வு.

“ரெண்டுலயும் ஒரே மரபணுதான் வேலை செய்யுதுன்னு வருது மேடம். எப்படி வரும்? எந்தக் காலத்துலயோ பிரிஞ்ச வம்சம். நான்தான் ஒரே மேசையில வெச்சு ரெண்டையும் பண்ணினேன். ஒண்ணோட சொட்டு இன்னொண்ணுல சிந்தியிருக்கும்.”

“மத்த மரபணுவெல்லாம் என்ன சொல்லுது?”

“பார்க்கல. இதைப் பார்த்ததுமே பயந்துட்டேன். கணினியை மூடிட்டேன்.”

அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்.

“எங்கப்பா ஊர் முழுக்க, ‘என் மக பட்டாம்பூச்சி டாக்டர்’னு சொல்லிட்டு இருக்கார். அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?”

“பூச்சிக்குக் காய்ச்சல்னு யாரும் இன்னும் தூக்கிட்டு வரலையே?”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெசிந்தா எட்டி அவள் டம்ளரை வாங்கினார். மோரைத் தன் டீயில் கொஞ்சம் ஊற்றினார். டீ திரிந்து போனது.

“ஐயோ மேடம்!”

“எனக்குப் புளிப்பு மட்டும் கலந்தா போதும். நிறம், வாசனை எல்லாம் டீயா இருக்கணும். அப்படிக் கலந்து குடு.”

“அது எப்படி முடியும்? கலந்தா எல்லாம்தானே கலக்கும்?”

ஜெசிந்தா மோர் டம்ளரை மேசையில் வைத்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி சட்டென்று எழுந்தாள். கணினிக்கு ஓடினாள்.

ஒரு மரபணுவைத் திறந்தாள். இரண்டு பூச்சியிலும் எழுத்து வரிசை வேறு வேறு. அடுத்தது. வேறு வேறு. அதற்கடுத்தது. கடைசியாக, பயந்து மூடிய அந்த மரபணுவையே திறந்தாள். மரபணு அதேதான். அதன் எழுத்து வரிசை மட்டும் இதில் ஒரு விதம், அதில் ஒரு விதம்.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“கலக்கல மேடம். ரெண்டும் தனித்தனியாவே அதே மரபணுவைப் பயன்படுத்தியிருக்கு.”

ஜெசிந்தா திரிந்த டீயை அவள் பக்கம் தள்ளினார்.

“அப்போ எனக்கு வேற டீ போடு.”