சும்மா இருப்பவர் கணக்கு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் தலைநகரில் ஏன் இத்தனை ஏழைகள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ராஜாக்களுக்கு எந்த ஆசையும் வரலாம், அலைவது ஊர்தான்.

அமைச்சர் குணபூடணர் வீடு வீடாக ஆளனுப்பி, என்ன செய்கிறாய் என்று கேட்கச் சொன்னார். ஏழைத் தெருக்களில் பாதிப் பேர், "சும்மாதான் இருக்கேன்" என்றார்கள். சோம்பேறிகளால்தான் வறுமை என்று அமைச்சர் முடிவு கட்டினார். சும்மா இருப்பவர் எல்லாரும் மறுநாள் பொழுது சாய்வதற்குள் கோட்டையை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. விகடகவி இடும்பன் குடியிருக்கும் தெருதான் முதலில் காலியாகும் என்று சொல்லி அவனைப் பார்த்துச் சிரித்தார் அமைச்சர். அவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

சபையே இடும்பன் பேச்சுக்குச் சிரிக்கும். அவன் வீட்டு வாசலை ஒருவரும் மிதித்ததில்லை. எதிர்வீட்டில் கூலிக்குப் புளி தட்டும் ஒருத்தி மட்டும் உண்டு. சாயங்காலம் வந்ததும், என்னக்கா பண்றே என்பான். கொட்டையை உதிர்த்துக்கொண்டே, சும்மாதான் இருக்கேன்ப்பா என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பாவி இடும்பனுக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் காலை அரண்மனைக்குப் போனான்.

"மன்னர் பெருமான் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

"சும்மாதான் இருக்கிறேன், வா இடும்பா."

"அப்படியானால் மூட்டை ஏற்றக் கழுதை வாசலில் நிற்கிறது, மன்னா. பொழுது சாய்வதற்குள் கோட்டையைத் தாண்டிவிட வேண்டும்."

ராஜாவின் முகம் சிவந்தது. விடிந்ததிலிருந்து வழக்குக் கேட்டுக் களைத்திருப்பதாகச் சொன்னார்.

"அவர்களும் அப்படித்தான், மன்னா. கை ஓயாதவர்கள்தான் சும்மா இருக்கிறேன் என்கிறார்கள். அமைச்சர் வாயைக் கேட்டார், கையைப் பார்க்கவில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற அமைச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ராஜா ஆணையைத் திரும்பப் பெற்று, முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். இடும்பன் அதை வாங்காமல் ஒரு குதிரை கேட்டான். எதிர்வீட்டுக் கதவு கயிற்றால் கட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வந்திருந்தான்.

கோட்டைக்கு வெளியே சட்டியும் மூட்டையுமாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. திரும்புங்கள், திரும்புங்கள் என்று கத்திக்கொண்டே குதிரையை விரட்டினான். அவளைக் காணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் அவள் பெயரை அவன் கேட்டதே இல்லை.

"அக்கா" என்று கத்தினான். சாலையில் போன பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.