ஒத்துவராத ஏழு பேர்

திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு மாடியில், ஹமீதா என்ற மருத்துவர் ஊசி குத்தும் அக்குபங்சர் வைத்தியம் பார்த்துவந்தார், கற்றும் கொடுத்தார். அவருடைய மாணவர்களில் மூத்தவர் துளசிமணி. குருவைவிடப் பதினோரு வயது அதிகம். அரசு மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் செவிலியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர். குரு அவரை ‘சிஸ்டர்’ என்பார். அவர் குருவை ‘டாக்டரம்மா’ என்பார்.

முதல் வாரமே துளசிமணி எழுந்து நின்றார்.

“ஏனுங் டாக்டரம்மா, வயித்துக்கோளாறுக்குக் கால்ல ஒரு புள்ளி இருக்குன்னு சொல்றீங்க. முழங்காலுக்கு நாலு விரல் கீழே. செரி. அங்கிருந்து மூணு விரல் தள்ளிக் குத்துனா என்னங்க ஆகும்?”

வகுப்பு சிரித்தது. ஹமீதா சிரிக்கவில்லை.

“தெரியலை சிஸ்டர். பாருங்களேன்.”

துளசிமணி பார்க்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க, பல நாடுகளில் பலர் இதையே கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. நோய் வந்தால் அதற்கு உரிய புள்ளியில் மட்டும் வலியுணர்வு கூடுகிறது என்றது ஒரு கட்சி. பக்கத்தில் எங்கே அழுத்தினாலும் அதே கதைதான் என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். துளசிமணிக்குத் தூக்கம் குறைந்தது. ஆனால் அது கவலையால் அல்ல.

திருப்பூரில் நேரத்துக்குச் சாப்பிடாதவர்களுக்குப் பஞ்சமில்லை. வயிற்றுக்கோளாறு உள்ள அறுபது பேரைப் பிடித்தார். நுனியில் ரப்பர் வைத்த அழுத்தமானி ஒன்றை ஒவ்வொருவர் காலிலும் இரண்டு இடத்தில் வைத்தார்: ஒன்று புள்ளி, இன்னொன்று மூன்று விரல் தள்ளிப் பேரில்லாத ஓர் இடம். மெல்ல அழுத்துவார். அழுத்தம் வலியாக மாறும் நொடியில் அவர்கள் “போதும்” என்பார்கள். மானி எத்தனை கிலோ காட்டியது என்று குறித்துக்கொள்வார். சீக்கிரம் “போதும்” என்றால் அந்த இடத்தில் வலியுணர்வு அதிகம். அவ்வளவுதான் சோதனை. ஒரு வருடம் ஆயிற்று.

சென்னையில் நடக்கும் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணி கெடு. மதியம் இரண்டரைக்குத் துளசிமணி அச்செடுத்த தாள்களைக் கொண்டுவந்து குருவின் மேசையில் வைத்தார். முகப்பில் அவருடைய பெயர் இருந்தது. அவர் வீட்டில் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் யாருடைய பெயரும் அச்சானதில்லை. அதைக் குருவிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் தாளை வைக்கும்போது அந்தப் பெயர் மேலே தெரியும்படி வைத்தார்.

“ஐம்பத்திமூணு பேருங்க. ஒருத்தர் பாக்கியில்லாம, புள்ளியிலதான் முதல்ல வலிச்சிருக்கு. தள்ளி வெச்சா ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாத் தாங்கறாங்க. புள்ளி புள்ளிதானுங்க, டாக்டரம்மா!”

ஹமீதா முழுவதும் படித்தார்.

“அறுபது பேர்னு சொன்னீங்க?”

“ஏழு பேர் ஒத்துவரலீங்க. எடுத்துட்டேன். காரணம் கீழே சின்னதா எழுதியிருக்கேன் பாருங்க.”

“‘வலி தாங்கிப் பழகிய உடல்’... யாரு இவங்க?”

“ஒடிசாவுல இருந்து வந்த பசங்க. கம்பெனி ஹாஸ்டல்ல இருக்காங்க. மூட்டை தூக்கற உடம்பு.”

“வலி தாங்கற உடம்புன்னா ரெண்டு இடத்துலயும் எண் கூடியிருக்கணுமே?”

துளசிமணி நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

“கூடலீங்க. மத்தவங்க அளவுதான். ரெண்டு இடமும் ஒன்னா இருக்கு. அதுதான் வித்தியாசம்.”

“ஏன் அப்படி?”

“அதுதானுங்களே!” துளசிமணி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். வலி தாங்கும் உடம்பு என்ற காரணம் போய்விட்டதில் அவருக்கு வருத்தத்தைவிட ஆவல்தான் அதிகமாக வந்தது. “சாப்பாடா இருக்குமோ?”

“அவங்களுக்குச் சோதனை பண்றப்ப என்ன பேசுனீங்க?”

“என்ன பேசறது? அவங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தியும் தெரியாது, ஒடியாவும் தெரியாது. வலிச்சாக் கையைத் தூக்குன்னு சைகை காட்டுனேன். ஊமைப் படம் மாதிரி நடந்துச்சுங்க.”

“மத்தவங்ககிட்ட?”

“நீங்க சொல்லிக்குடுத்தபடிதான். பேச்சுக் குடுக்கணும், பயம் போகணும்னு.”

ஹமீதா மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியை எடுத்தார். அழுத்தமானியின் ரப்பர் நுனியை மையில் ஒற்றினார்.

“சிஸ்டர், உங்களுக்கும் வயிறு சரியில்லைதானே?”

“இருபத்தாறு வருசம் நைட் டூட்டி பாத்த வயிறுங்க. நல்லாவா இருக்கும்?”

“சேலையைக் கொஞ்சம் தூக்கிட்டு, கண்ணை மூடிக்குங்க.”

துளசிமணி கண்ணை மூடினார். ரப்பர் நுனி முழங்காலுக்குக் கீழே பட்டது.

“இங்கதானுங்களே?” ஹமீதாவின் குரல் கனிவாக இருந்தது. அழுத்தம் ஏறியது.

“போதுமுங்க.”

நுனி விலகியது. மறுபடி பட்டது.

“இங்கயுமாங்க?”

அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. துளசிமணி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“ம்... இப்பப் போதுங்க.”

“முதல்ல ரெண்டே முக்கால் கிலோ. அப்புறம் நாலு. கண்ணைத் திறங்க.”

“பாத்தீங்களா! ஒன்னே கால் கிலோ வித்தியாசம். நானும் அந்த ஐம்பத்திமூணுல சேத்திதான்.” துளசிமணி குனிந்து காலைப் பார்த்தார். ஒரே ஒரு நீலப் பொட்டு இருந்தது. காலைத் திருப்பிப் பார்த்தார். சேலை ஓரத்தைப் பார்த்தார். “ரெண்டாவதுக்கு மை காஞ்சுபோச்சுங்களா?”

ஹமீதா மானியின் நுனியைத் தன் உள்ளங்கையில் ஒற்றிக் காட்டினார். நல்ல நீலம்.

துளசிமணி அந்த ஒரு பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே இடத்துலயேவா வெச்சீங்க?”

“ஒரே இடம்.”

“எனக்கு ரெண்டாவது வலிக்கலீங்களே. சத்தியமா வலிக்கலை.”

“நீங்க பொய் சொன்னதா நான் சொல்லலை.”

துளசிமணி எழுந்தார். உட்கார்ந்தார். “முதல் தடவை அழுத்துனதுல அந்த இடம் மரத்துப்போயிருக்கலாமுங்களே?”

“இருக்கலாம். அதையும் பாக்கணும்.”

அந்தப் பதில் துளசிமணிக்குப் போதவில்லை. எழுந்து வெளியே போனார். வைத்தியத்துக்குக் காத்திருந்தவர்கள் வரிசையில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அறுபது பேரில் ஒருவர்.

“ஏனுங்க சென்னியப்பண்ணா, ஆடி மாசம் உங்க கால்ல ஒரு மெசினை வெச்சு அழுத்துனனே, ஞாபகம் இருக்குதுங்களா?”

“அதெப்படி மறக்கும்? கறிவேப்பிலைக் கட்டாட்டம் கையில நோட்டை வெச்சுட்டு நின்னீங்க.”

“ரெண்டு இடத்துல வெச்சேன். ஒரு இடத்துல சீக்கிரமாப் போதும்னுட்டீங்க. நெசமாலுமே அங்கதான் அதிகமா வலிச்சுதுங்களா?”

சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சிஸ்டரம்மா, நீங்க வந்து, ‘இங்கதானுங்களே?’ன்னு அத்தனை பாசமாக் கேக்கறீங்க. கேட்டதும் எனக்கும் அங்கதான்னு பட்டுது. வலி இருந்துதுங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா பெரியவங்க கரெக்டாப் புடிச்சுட்டாங்க, நாம லேட்டாச் சொன்னா அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு ஒரு... என்ன சொல்றது, ஒரு மரியாதைங்க.”

“அடுத்த இடத்துல?”

“அங்கே ‘இங்கயுமாங்க?’ன்னு கேட்டீங்க. அங்கயும் வலிக்குதுன்னா நான் என்ன நோஞ்சானா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்துவிட்டார். திரும்பி உள்ளே வரும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

“டாக்டரம்மா. புள்ளியில எல்லாரையும் ‘இங்கதானுங்களே’ன்னு கேட்டிருக்கேன். தள்ளி வெச்சப்ப ‘இங்கயுமாங்க’ன்னு கேட்டிருக்கேன். ஐம்பத்திமூணு தடவை. எனக்கே தெரியாமங்க.”

“என்கிட்ட கத்துக்கிட்டதுதானே. நான் பதினாலு வருசமா அப்படித்தான் கேட்டுட்டிருக்கேன்.” ஹமீதா தன் விரல்களைப் பார்த்தார். “கேட்டவுடனே அவங்க முகம் மாறும் பாருங்க. வீட்டுல யாரும் நம்பாத வலியை ஒருத்தி கண்டுபுடிச்சுட்டாளேன்னு. அதுக்காகத்தான் கேப்பேன். அந்த முகத்தைப் பாத்துத்தான் என் விரல் சரியான இடத்துல இருக்குன்னு நானும் நினைச்சுக்குவேன்.”

சுவர்க் கடிகாரம் நாலே கால் காட்டியது.

“இதை இப்படியே அனுப்பிச்சா யாருக்காச்சும் தெரியுங்களா?” என்று துளசிமணி கேட்டார்.

“யாருக்கும் தெரியாது.”

“சொல்லிக்குடுத்தவங்கன்னு நீங்க இதுல கையெழுத்துப் போடுவீங்களா?”

“கட்டுரை உங்களோடது சிஸ்டர். கையெழுத்து வேணும்னாக் கேளுங்க, அப்பச் சொல்றேன்.”

துளசிமணி கேட்கவில்லை. முகப்புத் தாளைக் கையில் எடுத்தார். தன் பெயரை ஒரு முறை படித்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். இந்த ஆண்டு கட்டுரை அனுப்ப இயலவில்லை, சோதனை செய்த முறையில் பிழை இருக்கிறது, பிழை என்னுடையது. அந்தக் கடைசி வரியை ஹமீதா எட்டிப் பார்த்தார். குனிந்து, ‘என்னுடையது’ என்பதை அழித்து, ‘எங்களுடையது’ என்று தட்டினார். துளசிமணி அதை அனுப்பினார்.

வெளியே சென்னியப்பன் யாருக்கோ தன் காலைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

நோட்டில் அந்த ஏழு பேரின் பக்கம் திறந்தே இருந்தது. துளசிமணி அதை நெடுநேரம் பார்த்தார்.

“இவங்களுக்கு ரெண்டு இடமும் ஒன்னுதானுங்களே, டாக்டரம்மா. அப்பப் புள்ளின்னு ஒன்னு இல்லவே இல்லீங்களா?”

“ஏழு பேரை வெச்சு அப்படிச் சொல்லிற முடியுமா?”

“அப்ப இருக்குதுங்களா?”

ஹமீதா மையைத் துடைத்துவிட்டு, மானியைத் துளசிமணியின் கையில் கொடுத்தார்.

“எனக்கெப்படித் தெரியும் சிஸ்டர்? இந்த ஏழு பேரைத் தவிர, பதிலைச் சொல்லிக்குடுக்காம நாம இன்னும் யாரையும் கேக்கவே இல்லையே.”