தகதக என்றொரு நிறம்

வண்டும் ஓணானும் வாயாடித் திரிந்த அந்தக் காலத்தில், பொன்வண்டுக்குப் பொன்னும் கிடையாது, மினுக்கும் கிடையாது. வெறும் மண் நிறம்தான். கொடுக்காப்புளி மரத்தில் குடியிருந்த மாராயி என்ற வண்டுக்கு ஒரே மகள், பெயர் குஞ்சரம். அவளைப் பெண் பார்க்க அன்று வேலமரத்திலிருந்து வருகிறார்கள். விடிந்ததிலிருந்து மாராயிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் அடுத்த மழைக்காலம் வரை வேறு மாப்பிள்ளை கிடையாது.

"ஏண்டி, மூஞ்சியையாவது கழுவிக்கிட்டு வாயேன்!"

இலை நுனியில் தொங்கிய மழைத்துளிக்குள் குஞ்சரம் ஒரு முங்கு போட்டாள். அந்த நேரம் பார்த்து வெயில் துளிக்குள் புகுந்தது. வெள்ளையாகப் போன வெயில் உள்ளே உடைந்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக அவள் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி! எதைடி பூசிக்கிட்டு வந்து நிக்கிறே?"

மாராயி இலையைச் சுருட்டித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இன்னும் மின்னியது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"பொண்ணு நல்ல பச்சை," என்றார் இடப்பக்கம் இருந்த மாப்பிள்ளையின் அப்பா.

"கண்ணு அவிஞ்சு போச்சா? நீலமில்ல!" என்றாள் அவர் மனைவி, வலப்பக்கத்திலிருந்து.

குஞ்சரம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். உடனே செம்பு நிறமானாள்.

"சம்பந்தி, ஒரு பொண்ணைக் காட்டுறீங்களா, மூணு பொண்ணைக் காட்டுறீங்களா? என்ன நிறம்னு சொல்லுங்க. இல்லேன்னா நாங்க கிளம்புறோம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

தகடு மாதிரிப் பச்சை என்று சொல்லத்தான் மாராயி வாயெடுத்தாள். "தக..." என்பதற்குள் மகள் திரும்பிவிட்டாள், பச்சையைக் காணோம். சரி, தகடு மாதிரி நீலம் என்று மாற்றிச் சொல்லப் போனாள். "தக..." அதுவும் போய்விட்டது.

"தகதகவா!" அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "அம்மா, தகதகன்னு ஒரு நிறமாம்! எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதானே பார்த்தேன்," என்றாள் அவன் அம்மா, விட்டுக்கொடுக்காமல். "நல்ல நிறம்தான். எங்க மரத்துப் பக்கம் இன்னும் வரலை."

மாராயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றைக்கே பூ வைத்து, மறுநாளே கல்யாணம். பிறந்த பிள்ளைகள் எல்லாம் அம்மாவைப் போலவே மின்னின.

பொன்வண்டின் முதுகில் இத்தனை நிறம் வந்தது அப்படித்தான். திரும்பத் திரும்ப மாறி மின்னுகிற எதையும் ஒரு தரம் சொல்லி நிறுத்த முடியாமல், தகதக, பளபள, மினுமினு என்று நாம் இரண்டு தரம் சொல்லிக்கொண்டிருப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.