அரசரை நாடு கடத்த வந்த பல்லக்கு

எந்தக் காலம் என்று யாருக்கும் நினைவில்லாத அளவுக்கு முன்னொரு காலத்தில், மலைக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த ஒரு நாட்டை வாகைமாறன் என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்ல அரசர்தான். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. கிரீடத்துக்கு அடியில் ஒரு முடிகூடக் கிடையாது. அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அரசருக்குத் தெரியாது.

அந்த நாட்டு மண்ணை முழங்கால் ஆழம் தோண்டினாலே பாறை வந்துவிடும். செத்த மாட்டைப் புதைக்க வழியில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உழைத்த மாடு இறந்தால் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, ஊருக்கு வெளியே இருந்த மொட்டைக்குன்றில் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். பிறகு வானத்தைப் பார்த்து, "மாமா, வாங்க! விருந்து வெச்சாச்சு!" என்று குரல் கொடுப்பார்கள். மாமா என்பது பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. கூப்பிட்டவர்கள் வீட்டுக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் குன்றில் வெள்ளை எலும்பு மட்டும் மிஞ்சும்.

அரசர் புதிதாக ஏழடுக்கு மாடம் ஒன்று கட்டினார். அதன் உச்சியில் நின்றால் மொட்டைக்குன்று நேரே தெரிந்தது. முதல் நாள் ஆசையோடு ஏறிப் போனவர், முகம் சிவந்து இறங்கி வந்தார். குன்றின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பாறுகளின் வழுக்கைத் தலைகள் எல்லாம் தம்மையே பார்த்தது போல அவருக்குத் தோன்றிவிட்டது.

அரண்மனைச் சோதிடர் விண்ணவராயர் அரசரின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர். "அரசே, பிணம் தின்னும் பிராணி கண்ணில் படுவது ராஜ்யத்துக்கே ஆகாது" என்றார்.

மறுநாளே முரசு அறைந்தார்கள். 'செத்ததைத் தின்னும் எந்த உயிரும் இந்நாட்டு எல்லைக்குள் இருக்கலாகாது!' குன்றைச் சுற்றி வீரர்கள் நின்று பறை கொட்டினார்கள், கவண் கல் வீசினார்கள். பாறுகள் மேலே எழுந்து, வட்டமிட்டு, மலைக்கு அப்பால் போய்விட்டன.

அடுத்த மழைக்காலத்துக்குள் நாடு நாறியது. குன்றில் கிடத்திய மாடுகள் அப்படியே அழுகின. தெருநாய்கள் குன்றுக்குப் படையெடுத்தன. தின்ன எப்போதும் இருந்ததால் குட்டிகள் பெருகின. அவற்றில் சில வெறி பிடித்து ஆட்களைக் கடித்தன. முதல் மழை குன்றைக் கழுவி, கழுவியதையெல்லாம் ஏரியில் சேர்த்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் சாய்ந்தன. அதே தண்ணீரைக் குடித்த மக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள்.

"இதெல்லாம் மாடு மேய்க்கும் மேட்டுத்தெருக்காரர்களால் வந்தது" என்றார் விண்ணவராயர். "மாடு அவர்களுடையது, நோயும் அவர்களுடையது. அவர்களை நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம், அரசே." அரசரும் தலையசைத்தார்.

சோதிடர் சும்மா சொல்லவில்லை. மேட்டுத்தெரு, அரசவை விகடன் அம்பலத்தாடியின் மாமனார் வீடு இருந்த தெரு. அரசர் சோதிடரின் பலன்களைக் கேட்டுக் கொட்டாவி விடுவதும், அம்பலத்தாடியின் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பதும் விண்ணவராயருக்கு நெடுநாளாகவே பிடிக்கவில்லை.

அன்று மாலை அம்பலத்தாடியிடம் அவன் மச்சினன் காரி மூச்சிரைக்க ஓடி வந்தான். "மச்சான், மூட்டையக் கட்டச் சொல்லிட்டாங்க. செனமாட்ட ஓட்டிக்கிட்டு நாங்க எங்க போவோம்? ஒங்க வாயி அரமணையில விக்கிற வாயிதான? எங்களுக்காக ஒரு வார்த்த பேசக் கூடாதா?"

அம்பலத்தாடி, "மாட்டுக்குத் தண்ணி காட்டுடா. மூட்டைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினான்.

மறுநாள் அவையில் அவன் கைகூப்பி நின்றான். "மகாராஜா, நோய் மேட்டுத்தெருவிலிருந்து வரவில்லை. தங்கள் ஆணையிலிருந்து வந்தது."

அரசர் பதில் சொல்வதற்குள் விண்ணவராயர் முந்திக்கொண்டார். "ஆணையில் ஏது பிழை? அது அரைகுறையாக நிறைவேறியதுதான் பிழை. நாய், காக்கை, எறும்பு எல்லாம் இன்னும் இங்கேதானே இருக்கின்றன? இவ்வளவு பேசும் விகடரே அதை முழுவதும் நிறைவேற்றட்டும். முடியாவிட்டால் மாமனாரோடு மூட்டை கட்டட்டும்."

எறும்பை நாடு கடத்துவதாவது! அவை கொல்லென்று சிரித்தது. அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "முடியுமா, அம்பலத்தாடி?"

"ஆணைப்படி, ஓர் உயிரையும் விடாமல் செய்கிறேன், மகாராஜா."

மறுநாள் அரசரின் பிறந்தநாள் விருந்து. தலைவாழை இலையில் ஆட்டுக்கறி மணக்க, அரசர் முதல் கவளத்தை எடுத்தார். அம்பலத்தாடி முத்திரை மோதிரத்தோடு நான்கு வீரர்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. அந்த ஆடு உயிரோடு இருக்கிறதா?"

"என்ன கேள்வி இது? இலையில் இருக்கும் ஆடு எப்படி உயிரோடு இருக்கும்?"

"அப்படியானால் அது செத்தது. தாங்கள் அதைத் தின்னப் போகிறீர்கள். வாசலில் பல்லக்கு தயாராக இருக்கிறது. அரசர் என்பதால் முதல் மரியாதை தங்களுக்கு. எல்லை வரை நானே குடை பிடித்து வருகிறேன்."

அரசரின் கை பாதியில் நின்றது. விண்ணவராயர் துள்ளி எழுந்தார். "அதிகப்பிரசங்கி! நான் சுத்த சைவம். என்னை என்ன செய்வாய்?"

"சோதிடர் ஐயா, உங்கள் இலையில் இருக்கும் கீரை எதைத் தின்று வளர்ந்தது?"

"எருவை."

"எரு என்பது என்ன? செத்த இலை, செத்த புல், செத்த புழு. முதலில் கீரையை நாடு கடத்துகிறேன். வயிற்றுக்குள் போன கீரையோடு நீங்களும் கிளம்ப வேண்டியதுதான். இந்த மண்ணும் செத்ததைத் தின்றுதான் நமக்குச் சோறு போடுகிறது. அதை வெட்டி அள்ளிப் போக வண்டிகள்தான் போதவில்லை, மகாராஜா."

அரசர் கவளத்தை இலையில் வைத்தார். கோபம் வரவில்லை. யோசனை வந்தது. "சரி, எல்லோரும்தான் தின்கிறோம். அந்தப் பறவைக்கு மட்டும் என்ன தனிப் பெருமை?"

அம்பலத்தாடியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்தான். "பெருமை அதன் வயிற்றில் இருக்கிறது. நாய் அழுகியதைத் தின்றால் பாதியை விட்டுவைக்கும். அந்த மிச்சத்தில் நோய் பெருகும். பாறு எதையும் மிச்சம் வைக்காது. நம்மைக் கொல்லும் நோய் அதன் வயிற்றுக்குள் போனால் அடுப்பில் விழுந்த பஞ்சுதான். பாறு இருக்கும் இடத்தில் மாடு சுகமாக இருக்கிறது. ஏரி சுத்தமாக இருக்கிறது. ஏரியைக் குடிக்கும் நாம் சுகமாக இருக்கிறோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வைத்தியர், மகாராஜா. கண்ணால் பார்க்கிறீர்களா?"

அன்றே பறையை நிறுத்தி, வீரர்களை இறக்கினார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் இறந்துபோன கிழட்டுக் காளை ஒன்றை மஞ்சள் பூசிக் குன்றில் கிடத்தினார்கள். காரி தொண்டை கிழியக் கூப்பிட்டான். "மாமா, வாங்க! கோவிச்சுக்காம வாங்க!"

வானம் வெறுமையாகவே இருந்தது. மாடத்து உச்சியில், அரசருக்கும் அம்பலத்தாடிக்கும் பக்கத்தில் நின்ற விண்ணவராயர் இளித்தார். வெயில் தாழும் நேரத்தில் மலைக்கு மேலே ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

"ஒன்றுதானே?" என்றார் அரசர்.

"ஒன்று போதும், மகாராஜா. அது இறங்குவதைத் தூரத்தில் பறக்கும் இன்னொன்று பார்க்கும். அதைப் பார்த்து மற்றொன்று வரும். வானம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் பறக்கிறார்கள்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் வானம் நிறைந்தது. அகன்ற சிறகுகள் அசையாமல் விரிந்து, வட்டம் வட்டமாக இறங்கின. கீழே மேட்டுத்தெரு முழுவதும் குலவையிட்டது. அரசர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்பலத்தாடிக்கு மட்டும் கேட்கும் குரலில், "அதற்கு ஏன் அந்தத் தலை மட்டும் அப்படி?" என்றார்.

"முடியிருந்தால் அழுக்கு ஒட்டும், மகாராஜா. நாட்டின் அழுக்கையெல்லாம் நீக்கும் தலை வழுவழுப்பாக இருந்தால்தான் வெயிலில் காய்ந்து சுத்தமாகும். உயர்ந்த வேலைக்கென்று படைத்த தலை அது."

அரசர் கிரீடத்தைக் கழற்றி அம்பலத்தாடி கையில் கொடுத்தார். வழுக்கையில் மாலை வெயில் பளபளக்க, மாடமே அதிரும்படி சிரித்தார். "பாருங்கள், எல்லோரும் நன்றாகப் பாருங்கள்! இந்த நாட்டின் அழுக்கை நீக்க அங்கே அத்தனை தலை, இங்கே ஒரு தலை!"

நாடு ஒரே நாளில் தேறிவிடவில்லை. ஏரியைத் தூர்வாரினார்கள். தீனி இல்லாமல் நாய்க்கூட்டம் மெல்லக் குறைந்தது. மறுமழைக்குப் பிறகுதான் ஏரித் தண்ணீரில் மறுபடி வானம் தெரிந்தது. மேட்டுத்தெருக்காரர்கள் மேட்டுத்தெருவிலேயே இருந்தார்கள். ஆணை நீங்கியது என்று தெருத்தெருவாக முரசு அறையும் வேலை, நாய்கள் துரத்தத் துரத்த, விண்ணவராயருக்குக் கிடைத்தது. அம்பலத்தாடிக்குப் பொற்காப்பும், அவனை வீட்டில் கொண்டுபோய் விட அந்தப் பல்லக்கும் கிடைத்தன.

அதற்குப் பிறகு அந்த நாட்டுக் கொடியில் சிறகு விரித்த பாறு ஒன்று பறந்தது. அரசர் விழா நாட்களில்கூட கிரீடத்தைக் கையில்தான் வைத்துக்கொண்டார்.