மூன்று விரல் மேடு

கிரேக்க நாட்டில் ஒரு மலையூர். அங்கே புதுக் கோயில் கட்டி முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குக் கல் சுமந்த அடிமை சோசியாஸ், எஜமானைத் திருப்பி அடித்துவிட்டான். அடித்த கையோடு கோயிலுக்குள் ஓடிக் கடவுள் சிலையின் காலைக் கட்டிக்கொண்டான்.

சிலையைப் பிடித்தவனை யாரும் தொடக் கூடாது. அது சட்டம். ஊர்ச் சபையார் சட்டத்துக்கு ரொம்பவே பயந்தவர்கள். அதனால் தொடாமலே கதையை முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாசலைக் கல் வைத்து அடைத்துவிட வேண்டியது.

அந்த வேலை திமாஸின் தலையில் விழுந்தது. கோயிலைக் கட்டிய ஆசான் நிகோனின் சீடன் அவன். வயது நாற்பது, பிள்ளைகள் நால்வர். மறுத்தால் நீயும் உள்ளேதான் என்று காவலன் சொல்லியிருந்தான்.

சுவர் மார்பளவு வந்தபோது நிகோன் வந்து நின்றார். உள்ளே சோசியாஸ் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து கேட்கிறான். திமாஸ் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான்.

"ஆசானே, நான் அவனைத் தொடவே இல்லை. பாவம் என்னைச் சேராது, இல்லையா?"

நிகோன் இடுப்பிலிருந்த, மட்டம் பார்க்கும் நூலை எடுத்தார். ஒரு முனையை அவனிடம் கொடுத்தார். கோயில் நிற்கும் கல்மேடையின் அந்த மூலைக்கு அவன், இந்த மூலைக்கு அவர். தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் இழுத்துப் பிடித்தார்கள். நடுவில் நூல் தரையை முட்டியது.

"தரை நேராக இருக்கிறதா?"

"இல்லை. நடுவில் மேடு. நாம் வைத்ததுதானே?"

"எதற்கு வைத்தோம்?"

"நேராகப் போட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குத் தொய்ந்து தெரியும். தூண்களையும் அதற்காகத்தானே உள்பக்கம் சாய்த்தோம்? நேராகத் தெரிய வேண்டும் என்றுதான் கோணலாகக் கட்டினோம்."

"சபையாரும் நல்ல கொத்தனார்கள்தான்" என்றார் நிகோன்.

நூலைச் சுருட்டித் திமாஸின் கையில் வைத்தார். வேலையாட்களின் தண்ணீர்த் தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எழுபது வயதுக் கால்களால் தட்டுத்தடுமாறிச் சுவரேறி உள்ளே இறங்கிவிட்டார்.

காவலன் ஒரு கணம் திகைத்தான். பிறகு ஈட்டியால் கல் குவியலைத் தட்டினான். "என்ன பார்க்கிறாய்? வை."

திமாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"ஆசானே, வந்துவிடுங்கள்! உங்களை உள்ளே வைத்து நான் எப்படி அடைப்பேன்?"

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இருட்டிலிருந்து நிகோனின் குரல் வந்தது.

"ஏனப்பா? என்னையும்தான் நீ தொடவில்லையே."