பிரித்துக் கட்டாத கூடு

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏரிக்கரை வாகை மரத்தில் கருப்பாயி என்றொரு காகம் பட்டறை நடத்திவந்தாள். கூடு கட்டக் கற்றுக்கொடுக்கும் பட்டறை. பங்குனி பிறந்ததும் பத்து நாள் நடக்கும். மைனா, புறா, கொக்கு என்று அந்தச் சுற்றுவட்டாரத்துக் குஞ்சு குளுவான் அத்தனையும் அங்கேதான் வந்து சேரும்.

கருப்பாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆனாலும் குஞ்சுகளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் அவள் பட்டறையில் உட்கார வைத்துப் பாடம் சொல்வதே கிடையாது. எது காய்ந்த குச்சி, எது பச்சைக் குச்சி என்று கடித்துப் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இறகை விரித்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். எறும்பு ஏறுகிற கிளையா, பாம்பு ஏறுகிற கிளையா என்று தாங்களே போய் விசாரித்துக்கொண்டு வர வேண்டும். ஒன்பது நாளும் ஒரே கூத்தாக இருக்கும்.

பத்தாம் நாள்தான் விஷயமே. அன்று பெற்றவர்கள் எல்லாரும் வருவார்கள். அவரவர் கட்டிய கூட்டை அவரவரே எல்லார் முன்னாலும் பிரித்துப் போட்டு, அதே குச்சிகளை வைத்துத் திரும்பக் கட்டிக் காட்ட வேண்டும்.

"ஒரு தடவை கட்டுனது குருட்டாம்போக்குல நின்னிருக்கும். பிரிச்சுக் கட்டினாத்தான் அது உனக்குத் தெரிஞ்ச வேலை," என்பாள் கருப்பாயி.

ஒரு வருஷம் முத்தழகி என்கிற குயில்குஞ்சும் வந்து சேர்ந்தாள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவளுடைய அம்மா செங்கண்ணி, மூன்று முட்டைகளைப் பாம்புக்குப் பறிகொடுத்துவிட்டு நாலாவதாக இவளைப் பெற்றவள். அதனால் மகளைத் தரையில் விடமாட்டாள். கூடு கட்டுவதில் அந்தக் காலத்தில் குயில்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதிலும் செங்கண்ணி கைதேர்ந்தவள்.

நாலாம் நாள் முத்தழகி கட்டிய கூடு பொலபொலவென்று சரிந்து விழுந்தது. மற்றக் குஞ்சுகள் கெக்கலி கொட்டிச் சிரித்தன. "ஐயய்யோ, மொத்தமும் போச்சே!" என்று முத்தழகியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு கீழே இறங்கி, ஒவ்வொரு குச்சியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கருப்பாயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'இவ தேறிடுவா' என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்து மரத்திலிருந்து செங்கண்ணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெற்ற வயிறல்லவா, பற்றி எரிந்தது. இத்தனை பேர் நடுவில் என் பிள்ளை சிரிப்பாய்ச் சிரிப்பதா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

பத்தாம் நாள் வந்தது. வாகை மரத்தில் கிளைக்குக் கிளை சொந்தபந்தம். முதலில் புறாக்குஞ்சு வந்தான். பத்தே பத்துக் குச்சி வைத்துக் கட்டியிருந்தான். கருப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, உள்ள உக்காந்தா வானமும் தெரியுது, தரையும் தெரியுதே?"

"எனக்கு இவ்வளவுதான் வருது, வாத்தியாரம்மா."

"சரி, பிரிச்சுக் கட்டு."

பிரித்தான். கட்டினான். இரண்டாம் தடவையும் அதே ஓட்டைக் கூடுதான். ஆனால் நின்றது. இன்றைக்கும் புறா அந்தப் பத்துக் குச்சியை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது. யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

அடுத்து முத்தழகியின் கூடு. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். குழி சொன்னபடி குழிந்து, விளிம்பு சொன்னபடி வளைந்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து மெத்தை வேறு. கருப்பாயி கூட்டைப் பார்த்தாள். பிறகு குஞ்சைப் பார்த்தாள். மற்றக் குஞ்சுகளின் அலகெல்லாம் பிசினும் சேறுமாக இருக்க, முத்தழகியின் அலகு மட்டும் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. கூட்டின் அடியில் வைத்துக் கட்டியிருந்த புளியங்குச்சியோ, அந்தக் குஞ்சால் தூக்கவே முடியாத கனம். அது யார் கட்டிய கூடு என்று கருப்பாயிக்குப் புரிந்துவிட்டது.

"முத்தழகி, இது நீ கட்டுனதா?"

"வாத்தியாரம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள் குஞ்சு.

"அவளேதான் அக்கா! மூணு நாளா சோறு தண்ணி கூட இல்லாம உக்காந்து கட்டுனா," என்று குறுக்கே விழுந்தாள் செங்கண்ணி. சொன்னவளின் சிவந்த கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. தயவுசெய்து கேட்காதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று முட்டையை இழந்தவள். அவளை நாலு பேர் முன்னால் எப்படித் தலைகுனிய வைப்பது? பிறந்ததிலிருந்து எதையும் பூசி மெழுகிப் பேசாத கருப்பாயி அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"ரொம்ப அருமையா இருக்கு. இவ்வளவு அழகா இருக்கறதைப் பிரிக்க எனக்கு மனசு வரலை. இது இப்படியே இருக்கட்டும்," என்றாள்.

எல்லாரும் சிறகைத் தட்டினார்கள். செங்கண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முத்தழகி மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். கருப்பாயி அதைக் கவனித்தாள். கவனித்தும் அடுத்த குஞ்சைக் கூப்பிட்டுவிட்டாள்.

மூன்று வருஷம் ஓடியது. பங்குனிப் பட்டறை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். கருப்பாயி தன் கூட்டில் புதிதாக இட்ட முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கிளையில் ஏதோ சரசரவென்று சத்தம். பார்த்தால் ஒரு புள்ளிக் குயில் குச்சியை வைக்கிறது, அது விழுகிறது. மறுபடி வைக்கிறது, மறுபடி விழுகிறது. அதன் வயிறு கனத்துத் தொங்கியது.

"யாரது, முத்தழகியா?"

"ஆமா, வாத்தியாரம்மா."

"அம்மா எங்கடி?"

"அம்மா போன மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டாங்க." முத்தழகிக்கு மூச்சு வாங்கியது. "முட்டை எந்த நேரமும் வந்துடும். வைக்க இடமில்லை. எனக்குக் கட்டத் தெரியாது, வாத்தியாரம்மா. அன்னைக்குக் காட்டுனது அம்மா கட்டுன கூடு."

"தெரியும்."

முத்தழகி நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுமா? அன்னைக்கேவா?"

"அன்னைக்கே தெரியும்."

"நீங்க பிரிக்கச் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே நின்னேனே," என்றாள் முத்தழகி. "பிரிக்கச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, அப்புறம் நாம முதல்லேருந்து கத்துக்கலாம்னு நினைச்சேன். நீங்க அருமைன்னுட்டீங்க."

கருப்பாயிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ குஞ்சுகளைத் திட்டியிருக்கிறாள், ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒருத்தியைப் பாராட்டினாள். அவள் வயிற்று முட்டையோடு நடுக்கிளையில் நிற்கிறாள்.

பேச நேரமில்லை. கருப்பாயி எழுந்து ஒதுங்கினாள். "வா, இங்க வை."

"உங்க கூட்டுலயா?"

"நான் பாத்துக்கறேன், என் முட்டையோட முட்டையா. ஆனா நாளைக்கு விடிஞ்சதும் நீ பட்டறைக்கு வரணும். விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கலாம்."

"கண்டிப்பா வரேன், வாத்தியாரம்மா."

முட்டையை வைத்தாள், பறந்தாள். மறுநாள் விடிந்தது. அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தாயாகிவிட்டவள், பொடிக் குஞ்சுகளோடு வரிசையில் நின்று குச்சி கடிப்பதா என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இலை அடர்ந்த மாமரமாகப் பார்த்துப் பதுங்கிக்கொண்டாள். கருப்பாயி முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரித்தாள், வாயில் இரை ஊட்டினாள். 'இந்தக் குஞ்சையாவது பட்டறையில் சேர்த்துவிடுவேன்' என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். அதுவோ இறகு முளைத்ததும் மாமரத்துக் குரலைக் கேட்டுப் பறந்துவிட்டது. அதற்கும் கட்டத் தெரியாது. அது முட்டையிடும் காலம் வந்தபோது, அதுவும் காகத்தின் கூட்டைத் தேடித்தான் வந்தது.

அன்று முதல்தான் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காகத்துக்குத் தன் முட்டை எது, குயில் முட்டை எது என்று தெரியாது, சரியான ஏமாளி என்று நாம் சிரிக்கிறோம். அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடை காக்கிறது. குயிலை எங்கே கண்டாலும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அது பின்னாலேயே பறப்பதும் அன்று முதல்தான். சண்டைக்குப் போகிறது என்று நினைக்கிறோம். வா, வந்து பிரித்துக் கட்டு என்று அது இன்னமும் பாடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.